ராமு தொகாஷிகியும் ஆட்ட நாட்காட்டியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2013 முதல் 2021 வரையிலான ஒன்பது ஆண்டுகளில், ஆசியாவில் மூன்றாம் இடத்தோடு நின்றுவிடும் அணி என்று அறியப்பட்டிருந்த ஜப்பான் பெண்கள் கூடைப்பந்து அணி, ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கம் வரை உயர்ந்தது. அந்த ஏற்றத்தின் முதல் பாதியைத் தன் தோளில் சுமந்தவர் ராமு தொகாஷிகி. ஆயினும் டோக்கியோ ஒலிம்பிக்கின் பகுதியாக 2021 ஆகஸ்ட் 8 அன்று சைதாமாவில் நடந்த இறுதியாட்டத்துக்குப் பின் பதக்கம் பெற்ற 12 பேரில் அவர் பெயர் இல்லை. அவர் வளர்ந்ததும் அதே சைதாமா மாகாணத்தில்தான். சொந்த ஊருக்கு அருகிலேயே தன் நாடு ஒலிம்பிக் இறுதியாட்டம் ஆட, அணியின் மிகப் பெரிய பெயர் களத்துக்கு வெளியே இருக்க நேர்ந்தது எப்படி என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

காயம் என்பது உடனடி விடை. அது உண்மைதான், ஆனால் முழு விடையன்று. தொகாஷிகியின் விளையாட்டு வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால், அதன் பெரிய திருப்பங்கள் பெரும்பாலும் திறமையால் தீர்மானிக்கப்பட்டவையாக இல்லை. எந்தப் போட்டி எந்த மாதத்தில் வந்தது, அப்போது அவர் எந்த நாட்டில் இருந்தார் என்பவையே அவற்றைத் தீர்மானித்தன. அவருக்கு எதிராக ஆடிய வலிமையான எதிராளி ஆட்ட நாட்காட்டிதான் என்பது என் கணிப்பு.

பெயரும் உயரமும்

ராமு என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் வாசகருக்கு நம் ஊர்ப் பையன் ஒருவனின் முகம் தோன்றலாம். ஜப்பானிய மொழியில் அந்தப் பெயரை எழுதும் இரண்டு சித்திர எழுத்துகளில் ஒன்றுக்கு 'வருதல்' என்றும் மற்றொன்றுக்குக் 'கனவு' என்றும் பொருள். 1991 ஜூன் 11 அன்று பிறந்த இவரை ஆடுகளத்தில் சக வீராங்கனைகள் 'தாகு' என்றே அழைப்பார்கள். ஜப்பானியப் பெண்கள் கூடைப்பந்தில் ஒவ்வொரு வீராங்கனைக்கும் இப்படிக் களப்பெயர் ஒன்று வைக்கும் வழக்கம் உண்டு. ஓட்டத்தின் நடுவே மூச்சு வீணாகாமல் கூவி அழைக்க நீளமான குடும்பப் பெயர் உதவாது என்பதால் ஓரிரு அசையில் ஒரு பெயர் போதும் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

அவர் உயரம் ஏறத்தாழ 193 சென்டிமீட்டர். 175 சென்டிமீட்டரே நெட்டை என்று எண்ணப்படும் ஒரு நாட்டில், இந்த உயரத்தோடு ஓடவும் தாவவும் தெரிந்த ஒரு பெண் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை விளக்கத் தேவையில்லை. பள்ளிக் கூடைப்பந்தில் நாட்டின் தலைசிறந்த இடமாக மதிக்கப்படும் நகோயாவின் ஓகா ககுவென் மேல்நிலைப் பள்ளியில், ஷின்இச்சி இனோவே என்ற புகழ்பெற்ற பயிற்சியாளரிடம் அவர் பயின்றார். தேசியப் பட்டங்களை வெல்வது அந்தப் பள்ளிக்கு வழக்கமான செய்தி. தொகாஷிகியின் காலத்திலும் அப்படியே நடந்தது. எனினும் உயரமானவர் என்ற காரணத்துக்காகக் கூடைக்குக் கீழேயே நிறுத்திவைக்கப்படும் ஆட்டக்காரராக அவர் உருவாகவில்லை என்பதே இங்கே கவனிக்கத்தக்கது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதும், எதிரணியின் வேகத் தாக்குதலை முந்திச் சென்று தடுப்பதும், நடுத்தூரத்திலிருந்து எறிவதும் அவர் ஆட்டத்தில் இருந்தன. பிற்காலத்தில் அமெரிக்க லீக் அவரை அழைத்ததற்கும் உயரத்தைவிட இந்த ஓட்டமே காரணமாக இருந்திருக்க வேண்டும். அங்கே 193 சென்டிமீட்டர் உயரத்தில் அதிசயம் எதுவுமில்லை.

2010இல் அவர் சேர்ந்த இடம் ஜே.எக்ஸ். சன்ஃபிளவர்ஸ். பின்னர் ஜே.எக்ஸ்-எனியோஸ் என்றும் இன்று எனியோஸ் என்றும் அறியப்படும் இந்த அணி ஒரு பெட்ரோலிய நிறுவனத்துக்குச் சொந்தமானது. இங்கே ஜப்பானிய அமைப்பைச் சற்றுச் சொல்லியாக வேண்டும். அங்குள்ள பெண்கள் லீக்கில் ஆடும் அணிகளில் பெரும்பாலானவை நிறுவன அணிகள். கார் செய்யும் டொயோட்டா, உதிரிபாகம் செய்யும் டென்ஸோ, ஐசின், கணினித் துறையின் ஃபுஜிட்சு, அழகுசாதனங்கள் விற்கும் ஷான்சோன் என்று ஒவ்வொன்றும் தன் அணியை நடத்துகிறது. பல வீராங்கனைகள் அந்நிறுவனங்களின் ஊழியர்கள். சம்பளம் நிலையானது, தங்குமிடமும் பயிற்சிக் களமும் உறுதி, காயம் பட்டால் மறுநாளே தெருவுக்கு வர வேண்டிய அச்சம் இல்லை. நம் நாட்டில் ரயில்வேயும் வங்கிகளும் விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுத்துத் தாங்கும் முறையோடு இதற்கு நெருங்கிய உறவு உண்டு. இத்தகைய பாதுகாப்பை விட்டு வெளிநாடு போவது எளிய முடிவன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

முதல் சீசனிலேயே சிறந்த புதுமுக விருதும் மிகச் சிறந்த வீராங்கனை விருதும் அவருக்கே கிடைத்தன. அந்த அணி 2008-09 முதல் 2018-19 வரை தொடர்ந்து 11 முறை லீக் பட்டம் வென்றது. அதில் பெரும்பகுதி தொகாஷிகியின் காலம். அவருக்குப் பந்தை அனுப்பியவர் 165 சென்டிமீட்டர் உயரமே உள்ள அசாமி யோஷிதா; பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு அவர். எதிரணி திரும்பி ஓடுவதற்குள் களத்தின் பாதியைத் தாண்டி யோஷிதா எறியும் நீண்ட பந்தை, ஓடிக்கொண்டே காற்றில் பிடித்து இறங்கும் தொகாஷிகியின் ஆட்டம் பத்தாண்டுகள் அந்த லீக்கின் தீராத தலைவலியாக இருந்தது.

பாங்காக்கும் வூஹானும்

தேசிய அணியின் முந்தைய நிலையைச் சொன்னால்தான் 2013இன் எடை புரியும். ஜப்பான் 1975 உலகப் போட்டியில் வெள்ளி வென்ற அணி. ஆனால் அந்தத் தலைமுறைக்குப் பின் ஆசியாவின் மேல்படியில் சீனாவும் தென்கொரியாவும் மாறி மாறி நின்றன. 2009இல் நம் சென்னையில் ஆசியப் போட்டி நடந்தபோதும் அதே கதைதான்: இறுதியாட்டம் சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையில், ஜப்பானுக்கு மூன்றாம் இடம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கும் 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கும் அது தகுதி பெறவில்லை.

2013 நவம்பரில் பாங்காக்கில் அந்த வரிசை உடைந்தது. இறுதியாட்டத்தில் ஜப்பான் கொரியாவை 65-43 என்று வென்றது. ஜப்பானின் முந்தைய ஆசியப் பட்டம் 1970இல் கிடைத்தது. 43 ஆண்டு இடைவெளியை மூடிய அந்தத் தொடரின் மிகச் சிறந்த வீராங்கனை விருது 22 வயதுத் தொகாஷிகிக்குப் போனது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2015இல், சீனாவின் வூஹான் நகரில், சீனாவின் சொந்தப் பார்வையாளர்கள் முன்னிலையில், ஜப்பான் 85-50 என்று இறுதியாட்டத்தை வென்று ரியோ ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற்றது. மீண்டும் அதே விருது, மீண்டும் அவருக்கே. ஜப்பானியப் பெண்கள் அணி 2004 ஏதென்ஸுக்குப் பின் ஒலிம்பிக்கைக் கண்டது இந்த வெற்றியால்தான். அந்த 35 புள்ளி வித்தியாசத்தைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. சீனாவின் உயரத்துக்கு உயரத்தாலேயே பதில் சொல்ல முதன்முறையாக ஜப்பானிடம் ஒருவர் இருந்தார், அவரைச் சுற்றி வேகமாக ஓடும் நால்வரும் இருந்தார்கள்.

சியாட்டில்: மூன்று கோடைகள்

வூஹானுக்கு அவர் வந்தது ஜப்பானிலிருந்து அன்று, அமெரிக்காவிலிருந்து. அதே 2015இல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் சியாட்டில் ஸ்டார்ம் அணியில் அவர் சேர்ந்திருந்தார். 1997இல் மிகிகோ ஹகிவாரா, 2008இல் யூகோ ஓகா ஆகியோருக்குப் பின் அந்த லீக்கில் ஆடிய மூன்றாவது ஜப்பானியர் அவர். சூ பேர்ட் போன்ற மூத்த பாயிண்ட் கார்டு ஆடிய அணியில், முதல் கோடையிலேயே 30 ஆட்டங்களில் களமிறங்கி, ஆட்டத்துக்குச் சராசரியாக 8 புள்ளிகளுக்கு மேல் எடுத்து, லீக்கின் சிறந்த புதுமுகங்கள் ஐவர் பட்டியலில் இடம்பெற்றார். அணியில் வெளிநாட்டவர் என்ற பெயருக்கு ஒருவராக உட்கார்ந்திருக்க அவர் போகவில்லை என்பதற்கு இந்தக் கணக்கே சான்று.

ஆனால் அந்த 30 என்ற எண்ணை உற்றுப் பார்க்க வேண்டும். அன்றைய சீசனில் ஒவ்வோர் அணிக்கும் 34 ஆட்டங்கள் இருந்தன. சீசன் முடியும் முன்பே, ஆகஸ்ட் இறுதியில் தொடங்கிய வூஹான் போட்டிக்காக அவர் சியாட்டிலை விட்டுப் புறப்பட்டார். நாட்காட்டி முதன்முதலில் கணக்குக் கேட்டது இங்கேதான். ஒலிம்பிக் நடக்கும் ஆண்டுகளில் டபிள்யூ.என்.பி.ஏ. தன் சீசனை நடுவில் நிறுத்திவைத்து வீராங்கனைகளுக்கு வழிவிடும். காரணம் வெளிப்படை, அமெரிக்க அணியே அந்த லீக்கின் வீராங்கனைகளால் ஆனது. ஆசியப் போட்டிக்காக அது நிற்பதில்லை. ஆகவே ஒலிம்பிக்கில் ஆட லீக்கே விடுப்பு கொடுக்கும், ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றுத்தரும் போட்டிக்கோ வீராங்கனைதான் தன் கணக்கிலிருந்து கொடுக்க வேண்டும். அமெரிக்கர் அல்லாத எல்லா வீராங்கனைகள் மீதும் விழும் இந்தச் சுமையைப் பற்றி அன்று போதிய பேச்சு எழவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

2016 எளிதாக அமைந்தது, அது ஒலிம்பிக் ஆண்டு. ரியோவில் ஜப்பான் பெலாரூஸை 77-73, பிரேசிலை அதன் மண்ணிலேயே 82-66, பிரான்ஸை 79-71 என்று வென்றது. ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கடைசிக் கால்பகுதியில் முன்னிலை வகித்து, பின் 86-92 என்று இழந்தது. கால் இறுதியில் அமெரிக்கா 110-64 என்று நிறுத்தியது. ஐரோப்பாவின் பலமான அணிகளை வெல்ல முடியும் என்ற நம்பிக்கை அணிக்குள் குடிபுகுந்தது அந்த ஆகஸ்டில்தான். அதன் மையத்தில் தொகாஷிகி இருந்தார், பந்தைக் கொண்டுவந்தவர் யோஷிதா. துணைப் பயிற்சியாளராக அமர்ந்திருந்தவர் டாம் ஹோவாஸ் என்ற அமெரிக்கர். டொயோட்டாவின் ஆண்கள் அணியில் ஆடியவர், ஜப்பானிய மொழியிலேயே பயிற்சி கொடுப்பவர், எனியோஸ் அணியில் தொகாஷிகியை நாள்தோறும் பார்த்தவர்.

2017இல் ஹோவாஸ் தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். அந்த ஆண்டு ஜூலை இறுதியில் ஆசியக் கோப்பை பெங்களூரில் நடந்தது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் முதன்முறையாகச் சேர்ந்த தொடர் அது. நம் இந்திய அணி இரண்டாம் பிரிவை வென்று மேலேறியதும் அங்கேதான். தொகாஷிகி அந்தத் தொடரில் இல்லை, அவர் சியாட்டிலில் ஆடிக்கொண்டிருந்தார். இம்முறை கணக்கு மறுபுறமாகத் தீர்ந்தது. அவர் இல்லாத ஜப்பான் இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவை 74-73 என்று ஒரே புள்ளியில் வென்று மூன்றாவது தொடர் பட்டத்தை எடுத்தது.

பெங்களூர் வெற்றியை நான் இந்த வழக்கின் நடுத்தூணாகக் கருதுகிறேன். 193 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் இல்லாமல், வேகத்தையும், தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதலையும் நம்பி ஓர் அணியைக் கட்ட முடியும் என்று ஹோவாஸ் அங்கே கண்டார். நான்கு ஆண்டுகள் கழித்துத் தேவைப்படப்போகும் விடையை, தேவை வருவதற்கு முன்பே ஜப்பான் ஒத்திகை பார்த்துவிட்டது.

சியாட்டிலில் 2016இல் நெட்டையான புதுமுகம் பிரியானா ஸ்டூவர்ட் வந்த பின் தொகாஷிகியின் ஆட்ட நேரம் சுருங்கியது. ஆண்டின் பன்னிரண்டு மாதமும் இடைவெளியின்றி ஆடிக்கொண்டிருந்த உடல் அது. அக்டோபர் முதல் இளவேனில் வரை ஜப்பானிய லீக், மே முதல் செப்டம்பர் வரை அமெரிக்க லீக், நடுவில் தேசிய அணி. 2017க்குப் பின் அவர் அங்கே திரும்பவில்லை. 2018இல் சியாட்டில் பட்டம் வென்றது.

ஏழு மாதங்கள்

டோக்கியோ ஒலிம்பிக் திட்டமிட்டபடி 2020 ஜூலையில் நடந்திருந்தால் தொகாஷிகிக்கு அப்போது வயது 29. தாவலும் ஓட்டமும் குறையாமல், அனுபவமும் சேர்ந்திருக்கும் வயது அது. சொந்த மாகாணத்தின் அரங்கம், சொந்த நாட்டின் பார்வையாளர்கள், பத்தாண்டுகளாகத் தன்னை அறிந்த பயிற்சியாளர் என்று எல்லாம் ஒன்றுகூடியிருந்தன. கொரோனா தொற்றால் போட்டி ஓராண்டு தள்ளிப்போனது. அந்தத் தள்ளிவைப்பின் நடுவில், 2020 டிசம்பரில், பேரரசி கோப்பைப் போட்டியின்போது அவருடைய வலது முழங்காலின் முன்புறக் குறுக்குத் தசைநார் கிழிந்தது.

கூடைப்பந்துக்காரர்களுக்கு இந்தக் காயத்தின் பெயர் ஒன்றே போதும். தொடை எலும்புக்குக் கீழே கால் எலும்பு முன்னே நழுவாமல் பிடித்துவைக்கும் தசைநார் அது. குதித்து இறங்கும்போதும், ஓட்டத்தில் திடீரென நின்று திரும்பும்போதும் முழங்கால் உட்புறம் மடங்கினால் கிழியும். பெண் விளையாட்டு வீரர்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாக நேர்வதாக மருத்துவம் சொல்கிறது. கிழிந்த நாரைத் தைத்து ஒட்டவைப்பது பெரும்பாலும் பயன் தராது என்பதால், உடலின் வேறிடத்திலிருந்து ஒரு நாரை எடுத்துப் பொருத்துவார்கள். அந்தப் புதிய நார் எலும்போடு பிணைந்து வலுப்பெற மாதங்கள் ஆகும். அதன் பின் தொடைத் தசையை மீட்க வேண்டும், குதித்து இறங்குவதற்குப் புதிதாகப் பழக வேண்டும், பயத்தை விட வேண்டும். களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை என்பதே பொதுவான கணக்கு. டிசம்பர் முதல் ஜூலை வரை எண்ணினால் ஏழு மாதம்தான் வருகிறது. மனவலிமையாலோ உழைப்பாலோ அந்த மீதி மாதங்களை உண்டாக்க முடியாது. இறுதி அணியில் அவர் பெயர் இல்லை.

அதன் பின் நடந்ததை விளையாட்டு உலகம் அறியும். 185 சென்டிமீட்டர் உயரமுள்ள மாகி தகாதா நடு ஆட்டக்காரராக நின்றார். அவரும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே வந்து எறிவார் என்பதால், எதிரணியின் நெட்டையான ஆட்டக்காரர் கூடையை விட்டு வெளியே வர வேண்டியதாயிற்று. காலியான அந்த இடத்தில் 162 சென்டிமீட்டர் உயரமுள்ள ருயி மச்சிதா பந்தோடு புகுந்து புறப்பட்டார். கால் இறுதியில் பெல்ஜியத்தை 86-85 என்று வென்றது சாகி ஹயாஷி கடைசி விநாடிகளில் எறிந்த மூன்று புள்ளியால். அரை இறுதியில் பிரான்ஸ் 87-71 என்று வீழ்ந்தபோது மச்சிதா 18 அசிஸ்ட் (சக வீராங்கனை புள்ளி எடுக்க உதவிய பந்து) கொடுத்து ஒலிம்பிக் சாதனை படைத்தார். இறுதியில் அமெரிக்கா 90, ஜப்பான் 75.

இதைப் பார்த்த சிலர், தொகாஷிகி இல்லாததால்தான் ஜப்பான் தன் உண்மையான ஆட்டத்தைக் கண்டுகொண்டது என்று சொல்லத் தொடங்கினார்கள். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அணி வேகமானது, வெளியிலிருந்து எறிவது என்பதெல்லாம் சரி. ஆனால் அதே இறுதியாட்டத்தில் 206 சென்டிமீட்டர் உயரமுள்ள அமெரிக்காவின் பிரிட்னி கிரைனர் 30 புள்ளிகள் எடுத்தார். கூடைக்கு அருகே அவர் கை உயர்த்திய ஒவ்வொரு முறையும் ஜப்பான் பக்கம் எட்டிப் பிடிக்க ஆளில்லை. தொகாஷிகி இருந்திருந்தால் ஜப்பான் வென்றிருக்கும் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த 30 புள்ளிகள் அவ்வளவு எளிதாக வந்திருக்காது என்று சொல்லலாம். மேலும், வெள்ளி வென்ற அணி வானத்திலிருந்து இறங்கியதன்று. வெல்லப் பழகியதே 2013இலும் 2015இலும், பெரிய அணிகளுக்கு அஞ்சாமல் ஆடக் கற்றதே ரியோவில். தகாதாவும் மச்சிதாவும் அந்த ரியோ அணியில் இருந்தவர்கள். தொகாஷிகியின் உயரத்தைத் தங்களுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அவர்கள் கற்ற துணிவு, அவர் இல்லாத நாளில் அவர்களுக்குக் கை கொடுத்தது.

திரும்பிய பின்

2021-22 சீசனில் அவர் எனியோஸ் களத்துக்குத் திரும்பினார். 2022 செப்டம்பரில் சிட்னியில் நடந்த உலகக் கோப்பையில், தோரு ஒன்ஸுகாவின் பயிற்சியில், தேசிய உடையையும் மீண்டும் அணிந்தார். அந்தத் தொடர் ஜப்பானுக்கு நல்லதாக அமையவில்லை. மாலியை மட்டும் வென்று, மற்ற நான்கு ஆட்டங்களையும் இழந்து, ஒன்பதாம் இடத்தோடு திரும்பியது. 2022-23இல் எனியோஸ் நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பின் லீக் பட்டத்தை மீட்டது, அதில் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் ஓடி ஓடி எறியும் அணி என்ற திசையில் தேசிய அணி மேலும் போய்க்கொண்டிருந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பாரிஸில் ஜப்பான் அமெரிக்கா, ஜெர்மனி, பெல்ஜியம் ஆகிய மூன்றிடமும் தோற்று முதல் சுற்றோடு வெளியேறியது.

ஆக, ஆசியாவில் இரண்டு முறை மிகச் சிறந்தவர் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரின் ஒலிம்பிக் கணக்கில் இருப்பது ரியோ ஒன்றே, ஆறு ஆட்டங்கள். அவரைவிடக் குறைந்த திறமையோடு மூன்று ஒலிம்பிக் கண்டவர்கள் உலகில் நிறையப் பேர் உண்டு. இதில் எவரையும் குற்றம் சொல்ல இடமில்லை. போட்டியைத் தள்ளிவைத்தது தொற்று, முழங்காலைக் கிழித்தது ஒரு நொடி. ஆனால் ஆசியப் போட்டிகளும் அமெரிக்க லீக்கும் ஒரே கோடையில் மோதிக்கொள்ளும்படி நாட்காட்டி வகுத்தது மனிதர்கள். அந்த மோதலில் ஓய்வை இழந்தது வீராங்கனைகளின் உடல். ஆண்டு முழுவதும் ஆடிய அந்த மூன்று ஆண்டுகளுக்கும் 2020 டிசம்பர் காயத்துக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. ஓய்வில்லாத உடல் காயத்துக்கு எளிதில் ஆளாகும் என்ற பொதுவான மருத்துவ அறிவை வீராங்கனைகளின் அட்டவணை வகுப்பவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது மட்டுமே என் வாதம்.

2024இல், 14 சீசன்கள் ஆடிய எனியோஸை விட்டு அவர் ஐச்சி மாகாணத்தின் ஐசின் விங்ஸ் அணிக்குச் சென்றார். பள்ளிப் பருவத்தில் அவர் ஆடிய நகோயாவும் அதே ஐச்சியில்தான் இருக்கிறது. ஐசின் அணியில் அவருக்காக ஒருவர் காத்திருந்தார். 2021இல் ஓய்வு பெற்று, 2023இல் மனம் மாறித் திரும்பி, 36 வயதில் பாரிஸ் ஒலிம்பிக்கும் ஆடிய அசாமி யோஷிதா. களத்தின் மறுகோடிக்கு நீண்ட பந்தை எறிபவரும், அதை ஓடிக்கொண்டே காற்றில் பிடிப்பவரும் ஒரே அணியில் மீண்டும் சேர்ந்தார்கள்.